வெப்பமானி 2 டிகிரி காட்டினாலும் ஊட்டியில் உறைபனி படிவது ஏன்? வெப்பக் கதிர்வீச்சு தரும் விளக்கம்

நீலகிரி: ஆண்டுதோறும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, ஊட்டியை அடுத்த தலைக்குந்தா, காந்தல் உள்ளிட்ட தாழ்வான பகுதிகளில் அதிகாலையில் புல்வெளிகள் மீது உறைபனி படிகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு மகிழ்ச்சி தரும் இந்தக் காட்சி, தேயிலைக் கொழுந்துகளையும் மலைக் காய்கறிகளையும் கருகச் செய்வதால் விவசாயிகளுக்குக் கவலையாகிறது.

உறைபனி வானிலிருந்து விழுவதில்லை. காற்றிலுள்ள நீராவி, 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த இலைகள் மீது நேரடியாகப் பனித்துகளாகப் படிகிறது.

இலை குளிர்வது எப்படி?

எல்லாப் பொருள்களும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியிடுகின்றன. இதுவே வெப்பக் கதிர்வீச்சு. இதற்குக் காற்றோ வேறு ஊடகமோ தேவையில்லை. சூரிய வெப்பம் சுமார் 15 கோடி கிலோமீட்டர் வெற்றிடத்தைக் கடந்து பூமியை அடைவதும் இவ்வாறே.

0 டிகிரியில் உள்ள ஒரு பரப்புகூட, சதுர மீட்டருக்கு அதிகபட்சம் சுமார் 315 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியிடக்கூடும். மேகமூட்டமான இரவில் மேகங்கள் தங்கள் கதிர்வீச்சால் அதில் பெரும்பகுதியை ஈடுசெய்கின்றன. வானம் தெளிவாக இருந்தால் அந்த ஈடு குறைகிறது. எனவே, இலைகள் சுற்றியுள்ள காற்றைவிட வேகமாகக் குளிர்கின்றன. சுமார் 4 அடி உயரத்தில் உள்ள வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதே புல்நுனி உறைநிலைக்குக் கீழே சென்றுவிட முடியும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது.

ராமதாஸ் கண்டறிந்த விந்தை

இந்திய வானிலை ஆய்வாளர் எல்.ஏ. ராமதாஸ் 1932ஆம் ஆண்டு வியப்பான ஒன்றைப் பதிவு செய்தார். தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் வெற்றுத் தரையைவிட, அதற்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே உள்ள காற்று அதிகம் குளிர்ந்திருந்தது. இந்த அடுக்கு இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வெப்பத்தைக் கதிர்வீசுவதே இதற்குக் காரணம் எனப் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மைய விஞ்ஞானிகள் விளக்கியுள்ளனர்.

பயிரைக் காப்பது எப்படி?

செடிகளை மாலையிலேயே மூடிவைத்தால், அந்த மூடாக்கு மேகத்தைப்போலச் செயல்பட்டு வெப்ப இழப்பைக் குறைக்கிறது. தொடர்ந்து தெளிக்கப்படும் நீரும் உறையும்போது வெப்பத்தை வெளியிட்டு இலைகளைக் காக்கிறது. குளிர்காலத்தில் மாலையில் வானம் தெளிந்து, காற்று அடங்கியிருந்தால், வெப்பமானியின் அளவை மட்டும் நம்பாமல் முன்னெச்சரிக்கையாக இருப்பது நல்லது.