ஆடுவோர் தீட்டும் கோலம்

இணைய விளையாட்டுகளில் ‘ஸ்கின்’ என்றொரு பொருள் உண்டு. அது துப்பாக்கி முதலியவற்றின்மேல் படியும் வண்ணக் கோலமே. குறியைக் கூர்மையாக்காது, வெற்றியையும் தாராது. அழகு ஒன்றே அதன் பயன்.

இத்தகைய அழகுப் பொருள்களை ஆடுவோரே படைக்கட்டும் என்று, அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2011-இல் ‘ஸ்டீம் வொர்க்ஷாப்’ என்னும் பட்டறையைத் திறந்தது. எவரும் தம் படைப்பை அனுப்பலாம், ஏனையோர் வாக்களிப்பர், நிறுவனம் தேர்ந்து விற்கும், வருவாயில் ஒரு பங்கு படைத்தவரைச் சேரும். 1,500-க்கும் மேற்பட்டோர்க்கு 5 கோடியே 70 லட்சம் டாலர் சென்றதென 2015 தொடக்கத்தில் நிறுவனம் அறிவித்தது. பொழுதுபோக்கு பலருக்குத் தொழிலாயிற்று என்பதை நான் நல்வரவாகவே கருதுகிறேன்.

ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. அனுப்பியவரே வரைந்தவர் என்பதற்கு உறுதி யாது? 2014-இல் ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’ ஆட்டத்தில் வெளிவந்த ‘ஹவ்ல்’ என்னும் கோலம், பிறர் ஓவியத்தினின்றும் எடுக்கப்பட்டதெனப் புகார் வந்தது. நிறுவனம் படத்தை மாற்றியது. மேலும் வழங்குவதை நிறுத்தியது. விளைவோ விந்தை! அரிதாகிவிட்டமையால் அதன் விலை ஏறிற்று. களவின் சின்னமே செல்வமாயிற்று.

ஆதலின், நேயர்களே, பட்டறையின் கதவு திறந்தே இருக்கட்டும் என்பேன். ஆனால், ‘இதை வரைந்தவர் யார்?’ என்னும் வினா வாயிலிலேயே கேட்கப்படட்டும்.