தீர்த்தத்தால் ஓடிய மோட்டார் கார்!

கடவுள் இல்லை என்பவன் நான். விளக்கு ஏற்றாமல் காப்பி கூடக் குடிக்காதவள் என் மனைவி. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பழைய அம்பாசிடர் கார். ஐம்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடந்தது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு ஊர் ஈரோடு. பெரியார் பிறந்த ஊர். சிறுவயதிலேயே அவர் கூட்டங்களுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து கேட்டவன். அதனால், "ஐயர் வைத்துக் கல்யாணம் செய்ய மாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்தேன். பெண் வீட்டாரோ, "தாலி இல்லாமல் பெண் தர மாட்டோம்" என்றார்கள்.

நல்ல வேளை! அண்ணா முதல் மந்திரியாக இருந்தபோது, 1967-ல், சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று சட்டசபையில் சட்டம் நிறைவேறி இருந்தது. மாலை மாற்றினாலும் சரி, மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி. புரோகிதர் தேவை இல்லை. 1970-ல் எங்கள் கல்யாணம் நடந்தது. ஐயர் இல்லை. ஆனால் தாலி உண்டு. இரு பக்கமும் பாதிப் பாதி!

பதினோரு நாள்

1972 வைகாசியில் தலைச்சன் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. பதினோரு நாள்தான் இருந்தது. பெயர் வைப்பதற்குள் போய்விட்டது.

பிறகு இரண்டு மகன்கள் பிறந்தார்கள். ஆனாலும் வைகாசி வந்தால் என் மனைவி யாரிடமும் பேச மாட்டாள். சமைப்பாள், துவைப்பாள். பேச்சு மட்டும் இருக்காது.

1978-ல் ஒரு பஞ்சு வியாபாரி தம்முடைய காரை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். 1964-ம் வருஷத்து அம்பாசிடர், இரண்டாம் மார்க். விலை 9 ஆயிரம் ரூபாய். நான் குமாஸ்தா. சேமநிதியில் கடன் வாங்கியும் பணம் போதவில்லை. என் மனைவி இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள்.

"ஒரு நிபந்தனை" என்றாள். "வருஷா வருஷம் வைகாசியில் என்னை ராமேசுவரம் கூட்டிப் போகோணும். நீங்க சாமி கும்பிட வேண்டாம். வண்டி மட்டும் ஓட்டுங்க."

ஒப்புக் கொண்டேன்.

ஸ்டீரிங் ஓரத்தில் கியர்

அம்பாசிடரைப் பார்க்காத பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சில வார்த்தைகள்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அச்சு அது. வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி செய்தது. 2014-ல் உற்பத்தி நின்றது. எங்கள் காலத்து வண்டியில் கியர் தரையில் இல்லை. ஸ்டீரிங் ஓரத்தில் இருந்தது. முன் ஸீட் பெஞ்சுப் பலகை மாதிரி ஒரே நீளம். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். நான் ஒரு ஓரம், அவள் ஒரு ஓரம், நடுவில் புளிச்சோற்றுத் தூக்கு. பாட்டரி இறங்கிவிட்டால் முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்ற வேண்டும். கை வலிக்கும், ஆனால் வண்டி கிளம்பும்.

கரூர், திண்டுக்கல், மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம். அந்தக் காலத்தில் காரில் நேராக ராமேசுவரத்துக்குப் போக முடியாது. கடலுக்கு மேல் ரயில் பாலம்தான் இருந்தது. மண்டபத்தில் காரை விட்டுவிட்டு ரயில் ஏறுவோம். 1988 அக்டோபர் 2-ந் தேதி பாம்பன் ரோடு பாலம் திறந்தார்கள். நீளம் சுமார் 2.3 கிலோ மீட்டர். மறு வைகாசியில் எங்கள் கார் கடலைத் தாண்டியது. அடேயப்பா! இரு பக்கமும் நீலத் தண்ணீர். பின் ஸீட்டில் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அவள் மட்டும் கண்ணை மூடிக் கொண்டிருந்தாள்.

அவள் முதலில் அக்கினி தீர்த்தத்தில், அதாவது கடலில், முழுகுவாள். பிறகு கோவிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் குளிப்பாள். நான் வெளியே காரில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பேன். ஈரத்தோடு திரும்பி வருவாள். மாற்றுச் சேலை காருக்குள் வெயிலில் சூடேறி இருக்கும். எடுத்துக் கொடுப்பேன். எங்கள் வீட்டில் என் பங்குப் பூஜை அவ்வளவுதான்!

நடுரோட்டில் நின்றது

ஒரு வருஷம் திரும்பும்போது மானாமதுரை அருகே வண்டி நின்றுவிட்டது. உச்சி வெயில். பக்கத்தில் கருவேல மரம் தவிர ஒன்றும் இல்லை.

எனக்குக் காரணம் தெரியும். வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் குழாயில் இருக்கிற பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் திரவத்தை இழுக்கும், ஆவியை இழுக்காது. ஈரத் துணியைப் பம்ப் மேல் போட்டுக் குளிர வைத்தால் போதும். ஆனால் தண்ணீர்? குடிக்கிற தண்ணீரைப் பிள்ளைகள் காலி பண்ணி இருந்தார்கள்.

மனைவி பேசாமல் இறங்கினாள். உறவுக்காரர்களுக்குக் கொடுக்க எடுத்து வந்த தீர்த்தச் செம்பை உடைத்தாள். என் தலைத்துண்டை அதில் நனைத்து பம்ப் மேல் சுற்றினாள். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். கார் கிளம்பியது!

"பார்த்தீங்களா, தீர்த்த மகிமை!" என்றாள்.

"எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் கிளம்பும்" என்றேன்.

"எந்தத் தண்ணீர் இருந்தது?" என்று கேட்டாள்.

இதற்கு இன்று வரை எனக்குப் பதில் தெரியாது.

தனுஷ்கோடி

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு ரயிலே கடலோடு போயிற்று. அதற்குப் பிறகு அந்த முனைக்குக் கார் போக வழி இல்லாமல் இருந்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு போட்டார்கள். அடுத்த வைகாசியில் போனோம். அவள் ஒரு முழம் மல்லிகையைக் கடலில் விட்டாள். அலை பலமாக இருந்தது. நானும் முழங்கால் தண்ணீர் வரை இறங்கி அவள் கையைப் பிடித்துக் கொண்டேன். "இருந்திருந்தால் பேரன் பேத்தி எடுத்திருப்பாள்" என்றாள். "ஆமாம்" என்றேன்.

விற்பதா, வைப்பதா?

எனக்கு வயது எண்பது ஆகிவிட்டது. அவளுக்கு முழங்கால் வலி. "காரை விற்றுவிடுங்கள்" என்கிறார்கள் பிள்ளைகள்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-ல் 5 ஆயிரம் ஆயிற்று. 2021-ல் இன்னொரு வழி வந்தது. ஐம்பது வருஷம் தாண்டிய காரைப் பழம்பெருங் கார் என்று தனி நம்பரில் பதிவு செய்து கொள்ளலாம். கட்டணம் 20 ஆயிரம். ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, ஊர்வலம், ரிப்பேர் போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது.

"அப்போ ராமேசுவரம்?" என்று கேட்டாள் மனைவி. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

போன மாதம் கோயம்புத்தூரில் இருந்து ஒருவர் வந்தார். பழைய கார்கள் சேர்ப்பவர். நல்ல விலை சொன்னார். எனக்கே சபலம் தட்டியது. மனைவி காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு, "வாங்கி எங்கே ஓட்டுவீங்க?" என்று கேட்டாள்.

"ஓட்ட மாட்டேன் அம்மா. கண்ணாடி அறையில் பத்திரமாக வைப்பேன்" என்றார் அவர்.

"காப்பி ஆறுதுங்க, குடிங்க" என்றாள். விலையைப் பற்றி அவள் பேசவே இல்லை.

பதிவைப் புதுப்பித்து விட்டோம். வரும் வைகாசிக்குப் பெரிய மகன் ஓட்டுவதாக ஏற்பாடு. ஸ்டீரிங் ஓரத்துக் கியர் அவனுக்குப் பிடிபடவில்லை. தினமும் காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் பழகுகிறான். இரண்டாவது கியர் போடும்போது மட்டும் இன்னும் கரகர என்று சத்தம் வருகிறது.