எடைக்குப் போடுவதற்கு முன்...

வீடு மாற்றும்போதும், வெள்ளையடிக்கும்போதும், போகிக்குப் பழையன கழிக்கும்போதும் நம் வீடுகளில் முதலில் வெளியே போவது பழைய நாவல்கள்தான். அட்டை கிழிந்துவிட்டது, தாள் மஞ்சளாகிவிட்டது, இனிமேல் யார் படிக்கப் போகிறார்கள் என்று கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிட்டு, அந்தக் காசுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கி வைத்துக் கொள்கிறோம். அப்படிக் கொடுப்பதற்கு முன் தோழிகளிடம் ஒரு வார்த்தை சொல்லலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மாமியார் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவர் விட்டுப் போனது ஒரு ஜோடி வளையல், ஒரு வெண்கலப் பானை, ஒரு தகர ட்ரங்குப் பெட்டி நிறைய நாவல்கள். எண்ணிப் பார்த்தேன், 126 இருந்தன. லக்ஷ்மி, ராஜம் கிருஷ்ணன், சிவசங்கரி, இந்துமதி, அனுராதா ரமணன், ஜெயகாந்தன், ரமணிசந்திரன் என்று எல்லோரும் இருந்தார்கள். பாதிக்கு மேல் ராணிமுத்து, மாலைமதி மாத நாவல்கள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டவையும் பத்துப் பன்னிரண்டு.

"கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கு எடுத்துக்கறானாம், போட்டுடேன்" என்றார் என் கணவர். "ஒரு தடவை படிச்சுட்டுப் போடறேங்க" என்றேன். மத்தியானம் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, நாளுக்கு ஐம்பது பக்கம் என்று ஆரம்பித்தேன்.

அத்தை எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். பதினாறு வயதில் கல்யாணம். "கதைப் புத்தகம் படிக்கிற பொண்ணு குடும்பத்துக்கு ஆகாது" என்பது அவர் வாழ வந்த வீட்டின் சட்டம். புத்தகத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்து, எல்லோரும் தூங்கிய பிறகு சிம்னி விளக்கில் படித்ததாகச் சொல்வார். வாடகை நூல் நிலையத்தில் எடுத்துப் படித்துப் பிடித்துப் போனால், சிறுவாட்டுக் காசில் அதே புத்தகத்தைச் சொந்தமாக வாங்குவாராம்.

புத்தகங்களைப் புரட்டினால் உள்ளே அவரே இருக்கிறார். பின் அட்டையில் பால் கணக்கு, சீட்டுப் பணக் கணக்கு, என் நாத்தனார் பிறந்த நேரம். வரிகளின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்ன 'டிக்' அடையாளம். நம் குடும்பத்தில் டைரி எழுதிய பெண் யாரும் இல்லை. எழுதினால் யார் கண்ணிலாவது படும் என்ற பயம். நாவல் ஓரத்தில் ஒரு 'டிக்' போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

அதிக அடையாளம் இருந்தது லக்ஷ்மியின் நாவல்களில். லக்ஷ்மியின் சொந்தப் பெயர் திரிபுரசுந்தரி. மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதே ஆனந்த விகடனில் கதை எழுதி, அந்தப் பணத்தில் படிப்புச் செலவைச் சமாளித்து டாக்டரானவர். பல வருடங்கள் தென்னாப்பிரிக்காவில் இருந்தவர். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றார். அவர் கதைகளில் படித்த பெண்கள், சொந்தக் காலில் நிற்கும் பெண்கள் வருவார்கள். அந்தப் பெண் படிப்பைப் பற்றிப் பேசும் இடத்திலெல்லாம் அத்தையின் பென்சில் நின்றிருக்கிறது.

இதைப் பார்த்ததும் எனக்கு 2011-ஆம் வருடம் நினைவுக்கு வந்தது. என் மகள் பிளஸ் டூ முடித்த சமயம். நல்ல இடம், சொந்தத்திலேயே வரன், நகை நட்டு எதுவும் வேண்டாம் என்றார்கள். என் கணவருக்குப் பாதி மனது. நானும் தடுத்துச் சொல்லத் தைரியமில்லாமல் நின்றேன். அப்போது கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொண்டிருந்த அத்தை, தலையைக்கூட நிமிர்த்தாமல், "அவ படிக்கட்டும்டா. வரன் எங்கயும் போயிடாது, வயசு போயிடும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. இன்று மகள் கோவையில் கல்லூரி ஆசிரியை. எட்டாம் வகுப்பு படித்தவருக்கு அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று அன்று எங்களுக்குப் புரியவில்லை. அதற்கான பதிலில் ஒரு பங்காவது அந்த ட்ரங்குப் பெட்டியில் இருந்திருக்கிறது.

எல்லா நாவலும் அப்படி என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ கதைகளில் கணவன் அடிப்பான், கதாநாயகி பொறுத்துக் கொள்வாள், கடைசி அத்தியாயத்தில் அவன் திருந்துவான். லீவில் வந்த என் மகள் ஒன்றைப் படித்துவிட்டு, "என்னம்மா இது, அவன் கன்னத்துல அறையறான், இவ காபி போட்டுக் கொடுக்கறா!" என்று புத்தகத்தைத் தூக்கி எறிந்தாள். அவள் கோபம் நியாயம்தான். ஆனால் இருபது வயதில் நான் இந்த மாதிரிக் கதையைப் படித்துவிட்டு, பொறுமைதான் பெண்ணுக்கு அழகு என்று கண்ணீர் விட்டிருப்பேன். இப்போது அதே பக்கத்தில் எனக்குக் கண்ணீர் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. புத்தகம் அப்படியேதான் இருக்கிறது. நாம் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறோம் என்று அதைத் திரும்பப் படிக்கும்போதுதான் தெரிகிறது.

அந்தக் காலத்திலேயே வேறு மாதிரி எழுதியவர்களும் உண்டு. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை 1966-ல் விகடனில் வந்தது. மழை நாளில் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளை, தாய் தலையில் தண்ணீர் ஊற்றி ஏற்றுக் கொள்வாள். அதற்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் விஷயம் வெளியே தெரிந்திருந்தால் அந்தப் பெண் கதி என்ன என்று அவர் எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற நாவல். அதில் அண்ணன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்தும் பக்கத்தில் அத்தை பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார்: 'பாவி'.

அனுராதா ரமணனின் 'சிறை', 1984-ல் சினிமாவாகவும் வந்தது. தன்னைக் கைவிட்ட கணவன் பிற்பாடு திரும்பக் கூப்பிடும்போது, அந்தப் பெண் வர மறுத்துவிடுகிறாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் மூன்று 'டிக்'! நாற்பத்தைந்து வருடம் கணவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத மனுஷி போட்டது.

ராஜம் கிருஷ்ணன் பற்றியும் சொல்ல வேண்டும். பதினைந்து வயதில் மணமான குடும்பப் பெண்தான் அவரும். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளை நேரில் பார்த்து, பழகி 'கரிப்பு மணிகள்' எழுதினார். நாம் குழம்பில் போடும் உப்புக்குப் பின்னால் எத்தனை பெண்களின் வெந்த பாதங்கள் இருக்கின்றன என்று அதைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் தன் கடைசிக் காலத்தை முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் கழித்து, 2014-ல் காலமானார். நமக்காக எழுதியவர்களை நாம் எப்படி வைத்திருந்தோம் என்று மனசு அடித்துக் கொண்டது.

இனி, பழைய புத்தகங்களைப் பாதுகாக்க நான் கடைப்பிடிக்கும் சில வழிகள்:

* மாத நாவல்களின் தாள் மட்டமான மரக்கூழில் செய்தது. வெளிச்சம் பட்டால் மஞ்சளாகி நொறுங்கும். அதனால் வெயிலில் காயப் போடாமல், நிழலில் காற்றாட வைத்துத் துடையுங்கள்.

* ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளை அரிக்கும். மெதுவாகக் கழற்றிவிட்டு நூலால் தைத்துவிடுங்கள்.

* கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். நாளாவட்டத்தில் பழுப்புக் கறையாகிவிடும். மெல்லிய தாளை மைதாப் பசையால் ஒட்டினால் போதும்.

* காய்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும் துணியில் முடிந்து பெட்டியில் போட்டு வையுங்கள். ராமபாணப் பூச்சி அண்டாமல் இருக்க எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும்.

இடமில்லை என்றால் எல்லாவற்றையும் வைத்துக் கொள்ளச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் படிக்கிறவர்களுக்கோ, நூலகத்துக்கோ கேட்டுக் கொடுக்கலாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் கலைஞர். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் எல்லாவற்றையும் ஆயுள் முழுக்கச் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு, அந்தச் சேகரிப்பை வைத்து 1994-ல் சென்னையில் தொடங்கியதுதான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள்கூடத் தேடி வருகிறார்கள். எடைக்குப் போயிருக்க வேண்டிய காகிதம்தானே அதுவும்!

எங்கள் வீட்டில் 126-ல் 80-ஐ வைத்துக் கொண்டு, ஒன்றுக்கு இரண்டாக இருந்தவற்றையும் அடையாளம் எதுவும் இல்லாதவற்றையும் நூலகத்துக்குக் கொடுத்தோம். ஒன்றுகூட எடைக்குப் போகவில்லை.

தோழிகளே, உங்கள் அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால், இன்று மத்தியானம் காபி கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "நீங்க ஒளிச்சு வெச்சுப் படிச்ச நாவல் எது?" பதிலை அவர்கள் வாயாலேயே கேட்கிற பாக்கியம் உங்களுக்கு இருக்கிறது. எனக்குப் பென்சில் அடையாளம்தான் மிச்சம்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.