ரொக்கமா, பொருளா? கடை விலை சொன்ன பதில்

ஏழைகளுக்கு அரசு உதவியைப் பொருளாகக் கொடுப்பதா, ரொக்கமாகக் கொடுப்பதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் வணிகர்களாகிய நமக்கு வயிற்றில் புளி கரைகிறது. ரொக்கம் என்றால் சரக்கு ஓடும், பொருள் என்றால் வியாபாரம் படுத்துவிடும் என்பது நம் கணக்கு. இது எவ்வளவு தூரம் சரி?

மெக்சிகோ நாட்டில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2003-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கி, தெற்குப் பகுதியில் சுமார் 200 ஏழைக் கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சில கிராமங்களுக்கு அரிசி, பீன்ஸ், எண்ணெய், பால் பவுடர் முதலியவை அடங்கிய பெட்டி. சிலவற்றுக்கு மாதம் 150 பெசோ ரொக்கம். மற்றவற்றுக்கு எதுவும் இல்லை. முன்னும் பின்னும் உள்ளூர்க் கடைகளில் விலை எடுத்தார்கள்.

பொருள் வந்த கிராமங்களில் உணவு விலை, ரொக்கம் வந்த கிராமங்களைவிடச் சுமார் 4 சதவீதம் குறைவு. ரொக்கத்தால் சராசரி விலை பெரிதாக ஏறிவிடவில்லை. ஆனால் சரக்கு எளிதில் போய்ச் சேராத ஒதுக்குப்புறக் கிராமங்களில் வித்தியாசம் அதிகம். அங்கே பொருள் கொடுத்தால் வாங்கும் ஏழைக்கு ஆதாயம். விற்பவருக்கும் விளைவிப்பவருக்கும் இழப்பு.

ஆக, எல்லா ஊருக்கும் ஒரே பதில் இல்லை. அதைக் காட்டியது மேடைப்பேச்சு அல்ல, கடை விலைதான். அந்தக் கணக்கு நம் கல்லாப் பெட்டியருகிலேயே இருக்கிறது. இனி அரசிடம் மனுக் கொடுக்கும்போது குறைகளோடு நிறுத்தாமல், நாள்வாரி விலைப் பட்டியலையும் இணைத்துக் கொடுப்போம்.