போதையா, சர்க்கரை இறக்கமா? மது அருந்தும் பெரியவர்கள் மீது வீட்டார் கவனம் தேவை

சாஆ: தோட்டத்தில் உழைத்த காலத்தில் உடல் தாங்கிய அதே அளவு மதுவை 60 வயதுக்கு மேல் தாங்குவதில்லை. வயது ஏற ஏற உடலில் நீரின் அளவு குறைகிறது. கல்லீரலும் மெதுவாகவே வேலை செய்கிறது. அதனால் வழக்கமான இரண்டு கிளாஸ் மதுவே இரத்தத்தில் கூடுதலாக ஏறி, நீண்ட நேரம் தங்குகிறது.

2011-இல் தொடங்கப்பட்ட மோனாஷ் பல்கலைக்கழகத்தின் சியாக்கோ ஆய்வு மையம், சாஆ உட்பட சிகாமட் மாவட்டத்தின் ஐந்து முக்கிம்களில் மக்களின் உடல்நலத் தகவல்களைத் திரட்டி வருகிறது. என்றாலும், ஒரு பெரியவரிடம் தெரியும் மாற்றத்தை முதலில் பார்ப்பவர்கள் அவருடைய வீட்டார்தான்.

இன்சுலினோ சில வகை இனிப்பு நீர் மாத்திரைகளோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால், இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், தள்ளாட்டம், உளறல் ஆகியவை அதன் அறிகுறிகள். பார்ப்பவருக்கு அது வெறும் போதையாகவே தெரியும். தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. நினைவோடு இருந்தால் சீனி கலந்த பானம் கொடுத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 999-ஐ அழைக்க வேண்டும்.

அதற்காக, பல ஆண்டுகள் தினமும் அதிகம் குடித்தவரை வீட்டில் அடைத்துவைத்து ஒரே நாளில் நிறுத்தவைப்பதும் ஆபத்து. வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பானது.

அரசாங்க கிளினிக்கில் மாதாந்திர மருந்து வாங்கப் போகும்போது, குடிக்கும் அளவை மறைக்காமல் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் எந்த மருந்து ஒத்துப்போகும் என்று மருத்துவர் முடிவு செய்ய முடியும்.