பென்ஷன் திட்டம் ரெடி, பென்ஷன் மட்டும் இல்லை! 23 வருட சி.பி.எஸ் கதை

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களின் அன்றாடக் கேள்வி ஒன்றுதான்: "முட்டை என்ன ரேட்டு?" தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலையை அறிவித்துவிடும். கூடுதலோ குறைவோ, பதில் கிடைத்துவிடும்.

அதே ஊர் அரசுப் பள்ளி டீச்சரிடம் "ரிட்டயர் ஆனா மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். 2003-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர் என்றால், ஒரு சிரிப்புதான் பதிலாக வரும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் கதை இது.

பழைய திட்டத்தில் என்ன இருந்தது?

முழு சர்வீஸ் முடித்தால், கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதோடு அகவிலைப்படி. ஊழியர் சம்பளத்திலிருந்து பிடித்தம் கிடையாது. உதாரணத்துக்கு, கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால், பென்ஷன் 30,000 ரூபாய் பிளஸ் அகவிலைப்படி. கணக்கு நாலாங்கிளாஸ் பையனுக்கும் புரியும். அரசுக்குப் புரியாமல் போனது 2003-ல்தான்.

2003-ல் என்ன நடந்தது?

கஜானா காலி என்று சொல்லி, ஜெயலலிதா அரசு ஓய்வூதியம் தொடர்பான சலுகைகளைக் குறைத்தது. ஜூலை 2-ம் தேதி அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஸ்ட்ரைக்கில் இறங்கினார்கள். ஜூலை 4-ல் 'டெஸ்மா' அவசரச் சட்டம் பாய்ந்தது. விசாரணை இல்லாமல் சுமார் 1.7 லட்சம் பேர் டிஸ்மிஸ். பென்ஷன் குறையுதே என்று கேட்கப் போனவர்களுக்குச் சம்பளமே இல்லை என்று பதில் வந்தது!

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்து பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். அரசு ஊழியர்களுக்கு ஸ்ட்ரைக் செய்ய உரிமை இல்லை என்று ஆகஸ்ட் 6-ல் தீர்ப்பு வந்தது. அதே ஆகஸ்ட் 6 தேதியிட்டு இன்னொரு காகிதமும் வந்தது: பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கான அரசாணை எண் 259. அதாவது, சி.பி.எஸ். அமலுக்கு வந்த தேதி மட்டும் பின்தேதியிட்டு ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம் என்று யாரும் தப்பா நினைக்க வேண்டாம், அது நிதியாண்டின் முதல் நாள்!

2004 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க அணி தோற்றது. உடனே ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் வாபஸ் ஆயின. சி.பி.எஸ் மட்டும் வாபஸ் ஆகவில்லை. 2006-ல் வந்த தி.மு.க அரசும் அதை அப்படியே தொடர்ந்தது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் ஒத்துப்போனது.

சி.பி.எஸ் எப்படி வேலை செய்தது?

அடிப்படைச் சம்பளம் பிளஸ் அகவிலைப்படியில் 10% ஊழியர் பங்கு. அதே அளவு அரசின் பங்கு. மற்ற பல மாநிலங்கள் இந்தப் பணத்தை மத்திய ஓய்வூதிய ஆணையத்தின் கீழ் உள்ள என்.பி.எஸ்ஸில் போட்டன. தமிழ்நாடு அதில் சேரவில்லை. ஓய்வு பெறும்போது சேர்ந்த தொகையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மாதாமாதம் பென்ஷன்? அது கிடையாது. பெயரில் ஓய்வூதியம் இருந்தது, கையில் இல்லை.

கமிட்டி மேல் கமிட்டி

2016 தேர்தலுக்கு முன் சாந்தா ஷீலா நாயர் தலைமையில் ஒரு குழு. பிறகு டி.எஸ்.ஸ்ரீதர் தலைமைக்கு மாறி, 2018 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அப்போது முதல்வர் சேலம் மாவட்டத்துக்காரரான எடப்பாடி பழனிசாமி. 'நம்மூர்க்காரர்' முதல்வரானதில் இந்தப் பக்க ஊழியர்களுக்கும் தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ ஸ்ட்ரைக் வந்தது, போனது. அறிக்கை அலமாரியில் இருந்தது.

2021-ல் தி.மு.க தேர்தல் அறிக்கையில் பழைய பென்ஷன் வாக்குறுதி இடம்பெற்றது. நாலு வருஷம் கழித்து, 2025 பிப்ரவரியில், ககன்தீப் சிங் பேடி தலைமையில் மறுபடியும் ஒரு குழு. பென்ஷன் திட்டத்தை ஆராய்ந்தவர்களிலேயே சிலர் பென்ஷன் வாங்கும் வயதுக்கு வந்திருப்பார்கள்!

2026 ஜனவரியில், தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, முதல்வர் ஸ்டாலின் 'தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்' என்று அறிவித்தார். கடைசி ஊதியத்தில் 50% உறுதி, ஆனால் ஊழியரின் 10% பங்களிப்பு தொடரும். பழசும் இல்லை, புதுசும் இல்லை, நடுவில் ஒன்று. மத்திய அரசு 2025 ஏப்ரலில் கொண்டுவந்த யு.பி.எஸ்ஸும் இதே ஜாதிதான்.

அரசு பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. ஆயுள் கூடுகிறது, ஓய்வு பெற்றவர்கள் எண்ணிக்கை கூடுகிறது, செலவு வரிப்பணத்திலிருந்துதான் போகிறது. அந்த வரியில் லாரி பாடி கட்டுபவர் பங்கும் ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளி பங்கும் உண்டு. அவர்களுக்கு எந்தப் பென்ஷனும் உறுதி இல்லை. இந்தக் கேள்வியைத் தேர்தல் மேடையில் நேராகப் பேச யாரும் தயாராக இல்லை என்பதுதான் பிரச்னை. ஜெயிக்க வாக்குறுதி, ஜெயித்த பிறகு கமிட்டி.

சரி, பிரைவேட் வேலை பார்க்கும் எனக்கென்ன?

உங்கள் பி.எஃப் கணக்கோடு ஒட்டியிருக்கும் இ.பி.எஸ்-95 பென்ஷனுக்கு, 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பை வைத்துக் கணக்கு போடுங்கள். 35 வருட சர்வீஸுக்கு 15,000 × 35 ÷ 70 = மாதம் 7,500 ரூபாய். அகவிலைப்படி உயர்வு எதுவும் இதில் சேராது. குறைந்தபட்ச பென்ஷன் 2014-லிருந்து 1,000 ரூபாய்.

அதனால் சேலம் நாட்டாண்மைக் கழகக் கட்டிடம் பக்கம் அடுத்த முறை பென்ஷன் ஆர்ப்பாட்டத்தால் டிராஃபிக்கில் மாட்டினால், "இவங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று ஹாரன் அடிக்கும் முன் அந்த 7,500-ஐ ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். அவர்கள் 23 வருஷமாகக் கேட்ட கேள்வியை நாம் இன்னும் கேட்கவே ஆரம்பிக்கவில்லை.