ஒன்றேகால் கிலோ குழந்தை! வீட்டில் காப்பாற்றுவது எப்படி?

கடையில் ஒன்றேகால் கிலோ துவரம் பருப்பு வாங்கி, அந்தப் பையைக் கையில் ஏந்திப் பாருங்கள்.

அவ்வளவு எடையில் ஒரு குழந்தை பிறக்கிறது!

கை, கால்கள் விரல் பருமன்தான் இருக்கும். தோல் வழியாக நரம்பு தெரியும். அழுதால் பூனைக்குட்டி கத்துவது போலக் கேட்கும். தாயின் வயிற்றில் 37 வாரம் நிறைவதற்குள் பிறந்துவிட்ட குறைமாதக் குழந்தை அது.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். வாரக் கணக்கில் போராட்டம். பிறகு ஒரு நாள், "வீட்டுக்குக் கொண்டு போகலாம்" என்கிறார் டாக்டர்.

தாய்க்கு ஆனந்தம். கூடவே பயம். குழந்தை வீட்டுக்கு வருகிறது. கண்ணாடிப் பெட்டி வராதே!

படப்பையில் ஒரு வீடு

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் உள்ள படப்பையை எடுத்துக்கொள்வோம். பக்கத்திலேயே ஒரகடம். கார் தொழிற்சாலை, டயர் தொழிற்சாலை என்று வரிசையாக இருக்கின்றன. வெளியூர்களில் இருந்து வேலைக்கு வந்தவர்கள், வாடகைக்கு ஓர் அறை, ஒரு சமையல் கட்டு என்று குடியிருக்கிறார்கள். கணவனுக்கு ஒரு வாரம் பகல் ஷிப்டு. மறு வாரம் இரவு ஷிப்டு. தாயைப் பெற்ற தாய் எங்கோ தொலைவில் இருப்பாள். ஜன்னலைத் திறந்தால் லாரிப் புழுதி.

இப்படிப்பட்ட வீட்டிலும் குறைமாதக் குழந்தையை வளர்க்க முடியும். அதற்கு முதலில் வேண்டியது பணம் அல்ல. சூடு!

நிறைமாதக் குழந்தைக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு இருக்கிறது. அது ஒரு கம்பளி மாதிரி. குறைமாதக் குழந்தைக்கு அந்தக் கம்பளி இல்லை. பெரியவர்கள் மின்விசிறிக்கு அடியில் வியர்த்துக் கொண்டிருக்கும்போதே, குழந்தையின் உடம்பு சில்லிட்டுப் போகும். சில்லிட்ட குழந்தை பால் குடிக்காது. மூச்சும் தடுமாறும்.

இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு தேவை இல்லை. புறங்கையால் குழந்தையின் வயிற்றைத் தொடுங்கள். பிறகு பாதத்தைத் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாக இருந்து பாதம் சில்லென்று இருந்தால், குழந்தைக்குக் குளிர்கிறது என்று பொருள். உடனே சூடு தரவேண்டும். இரண்டுமே சில்லென்று இருந்தால் ஆபத்து!

காட்சிக்கு வைத்த குழந்தைகள்

ஒரு காலத்தில் இந்தச் சூட்டுக்காகக் குழந்தைகளைப் பொருட்காட்சியில் வைத்தார்கள் என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் கோனி தீவு என்ற கேளிக்கை இடம் இருக்கிறது. மார்ட்டின் கூனி என்பவர் 1903-ம் ஆண்டு முதல் 1943-ம் ஆண்டு வரை அங்கே கண்ணாடிப் பெட்டிகளில் குறைமாதக் குழந்தைகளை வைத்து வளர்த்தார். பார்க்க வந்தவர்களிடம் 25 சென்ட் கட்டணம் வாங்கினார். அந்தப் பணத்தில்தான் நர்சுகளுக்குச் சம்பளம். பெற்றோரிடம் ஒரு காசும் வாங்கவில்லை. அப்போது பல ஆஸ்பத்திரிகள் இந்தக் குழந்தைகளைப் பிழைக்காது என்று கைவிட்டு வந்தன. கூனி சுமார் 6,500 குழந்தைகளைக் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள்.

பெட்டியே இல்லாவிட்டால்?

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகர் போகோட்டா. அங்கே ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு, மூன்று குழந்தைகளைப் படுக்க வைத்தார்கள். ஒன்றின் நோய் மற்றொன்றுக்குத் தொற்றியது. 1978-ம் ஆண்டு எட்கர் ரே என்ற டாக்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டார்!

கங்காரு தன் குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்ப்பது போல இருந்ததால், அதற்குக் கங்காரு முறை என்றே பெயர் வந்தது.

இந்தியா உள்பட 5 நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நம் நாட்டில் டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியில் சோதனை நடந்தது. 1 கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளை, பிறந்த உடனேயே மார்போடு அணைக்கத் தொடங்கினார்கள். பழைய வழக்கப்படி தாமதமாக அணைத்த குழந்தைகளில் 100-க்கு 16 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள். உடனே அணைத்தவர்களில் இறந்தவர்கள் 100-க்கு 12 பேர். 2021-ம் ஆண்டு இந்த முடிவு வெளியாயிற்று. மறு ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் இதையே சிபாரிசு செய்தது.

வீட்டில் செய்வதும் எளிது. குழந்தைக்குத் தொப்பி, காலுறை, இடுப்புத் துணி மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைக்க வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, மூச்சுக்குத் தடை இல்லாமல் இருக்கவேண்டும். துப்பட்டாவாலோ பழைய பருத்திப் புடவையாலோ கட்டிக்கொள்ளலாம். நாளெல்லாம் வைத்திருந்தாலும் நல்லது. எடை இரண்டரை கிலோவை நெருங்கும்போது, குழந்தையே நெளிந்து "போதும்" என்று காட்டிவிடும்.

தகப்பனாரும் செய்யலாம்! இரவு ஷிப்டு முடிந்து வந்து, குளித்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, இரண்டு மணி நேரம் குழந்தையை மார்பில் வைத்துக்கொண்டால், தாய் கொஞ்சம் தூங்குவாள். அந்தத் தூக்கத்தில் அவளுக்குப் பாலும் ஊறும்.

பரணில் கிடக்கும் பாலாடை

பாலை உறிஞ்சவும், விழுங்கவும், இடையில் மூச்சு விடவும் சேர்ந்து செய்யும் திறமை சுமார் 34 வாரத்தில்தான் குழந்தைக்கு வருகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தை மார்பில் பால் குடிக்கத் தெரியாமல் களைத்துவிடும். அதற்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் தரவேண்டும்.

சங்கு போல மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம் அது. பல வீடுகளில் அதைப் பரணில் போட்டுவிட்டு ரப்பர் பாட்டிலுக்குத் தாவிவிட்டார்கள். இன்று குழந்தை டாக்டர்களே பாலாடையைக் கேட்கிறார்கள்! பாட்டிலின் இடுக்கில் கிருமி தங்கும். பாலாடையைக் கழுவிக் கொதிக்க வைப்பது சுலபம். குழந்தையின் தலையைச் சற்று உயர்த்தி, உதட்டோரம் சிறிது சிறிதாக விடவேண்டும். ஒரு வாய் விழுங்கிய பிறகே மறு வாய். அவசரப்பட்டு ஊற்றினால் புரை ஏறும்.

பாட்டிமார்களிடம் ஒரு வேண்டுகோள். தீட்டு என்று சொல்லி, வருகிறவர் போகிறவரைக் குழந்தையிடம் அண்ட விடாமல் காத்தீர்களே, அது மிகவும் நல்லது. அதை விடாதீர்கள்! ஆனால் உரை மருந்து, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் இந்தக் குழந்தையின் நாக்கில் வைக்க வேண்டாம். மூக்கில் ஊதுவதும், எண்ணெய் விடுவதும் கூடாது. சாம்பிராணிப் புகையும் கூடாது. அந்தச் சின்ன நுரையீரல் தாங்காது.

பால் குடிக்க மறுத்தாலும், நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலும், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலும், வலிப்பு வந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

தாய் வேலைக்குப் போகிறவளா? முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் விடுமுறை உண்டு. 2017-ம் ஆண்டுக்கு முன் 12 வாரம்தான் இருந்தது. காண்டிராக்டில் வேலை பார்ப்பவளுக்கும் இது பொருந்தும். பிரசவத்துக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். குறைமாதப் பிரசவத்தால் தாய்க்கு உடம்புக்கு முடியாமல் போனால், அத்தாட்சி காட்டி மேலும் ஒரு மாதம் வரை கேட்கலாம். கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்!

30-வது நாள்

எல்லாம் சரியாக நடக்கிறது. குழந்தை எடை ஏறுகிறது. கன்னம் உப்புகிறது. இங்கேதான் பல பெற்றோர் ஏமாந்து போகிறார்கள்.

கண்ணுக்குள் விழித்திரை என்ற பகுதி இருக்கிறது. அதில் ரத்தக் குழாய்கள் பத்தாவது மாதம் வரை வளர்கின்றன. முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அவை தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையையே பிய்த்துவிடலாம். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண் அழகாகவே இருக்கும். பார்வை மட்டும் போய்விடும்!

புகழ் பெற்ற அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950-ம் ஆண்டு குறைமாதத்தில் பிறந்து, இப்படித்தான் பார்வை இழந்தார். பெட்டிக்குள் அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்ததே காரணம் என்பது அதன் பிறகுதான் டாக்டர்களுக்கு உறுதியாயிற்று. இன்று அளந்து கொடுக்கிறார்கள். ஆனாலும் ஆபத்து முழுவதும் நீங்கவில்லை.

34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும், பிறந்து 30 நாளுக்குள் கண் பரிசோதனை செய்தாக வேண்டும். மிகவும் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே செய்யவேண்டும். கோளாறு இருந்தால் லேசர் கதிராலோ ஊசி மருந்தாலோ தடுத்துவிடலாம். ஆனால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்யவேண்டும். தவறவிட்டால், பிறகு எத்தனை லட்சம் கொட்டினாலும் பார்வை திரும்புவது அரிது.

"ஒரு நாள் சம்பளம் போகுமே, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடும் வீடுகள் உண்டு. படப்பையில் பஸ் ஏறித் தாம்பரம் வந்து, மின்சார ரெயில் பிடித்தால் எழும்பூர். 1819-ம் ஆண்டில் தொடங்கிய அரசு கண் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டே போகலாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைக் கையோடு எடுத்துப் போகவேண்டும்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரிந்ததும் டாக்டர் கருவி வைத்து உள்ளே பார்க்கிறார். குழந்தை வீறிட்டு அழும். சில நிமிஷம்தான். ஒரு தடவையோடு முடிந்துவிடாது. ரத்தக் குழாய்கள் முழுவதும் வளரும் வரை திரும்பத் திரும்பப் போகவேண்டும். அடுத்து எந்தத் தேதியில் வரவேண்டும் என்று டாக்டர் அந்தச் சீட்டிலேயே எழுதிக் கொடுப்பார்.